பார்ம்லி துரையின் வாயில் வராத சொல்

ஸில்பாவுக்குப் பெயர் வைத்தது பெற்றவள் அல்ல, விலைக்கு வாங்கியவர். பார்ம்லி குடும்பத்துப் பெரியவர் வேதப்புத்தகத்தைப் புரட்டி, யாக்கோபு வீட்டு வேலைக்காரியின் பெயரைத் தேடிப் பிடித்து அந்தக் குழந்தைக்கு வைத்தாராம். வேலைக்காரி என்றுதான் அவரும் சொன்னார். கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருக்கும் வெதர்பி ஊரில் யாருமே வேறு சொல் சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்து வாங்குவார்கள், உயிலில் பசுமாட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் எழுதி வைப்பார்கள், தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் விற்பார்கள். ஆனால் 'அடிமை' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அது தெற்கே நெல்லும் புகையிலையும் விளைகிற ஊர்களில் பேசுகிற பேச்சு. வெதர்பியில் இருப்பவர்கள் கடவுளுக்குப் பயந்தவர்கள். அவர்கள் வீட்டில் இருப்பது வேலைக்காரர்கள்; இன்னும் கொஞ்சம் உருகிச் சொன்னால் 'நம்ம வீட்டு ஆட்கள்'.

'அடிமை' என்ற சொல்லை ஸில்பா அதிகம் கேட்டது அவளுடைய எசமான் ஹெஸகாயா பார்ம்லியின் வாயிலிருந்துதான். பெரியவர் செத்துச் சொத்து மகன் கைக்கு வந்தபோது, அடுப்பங்கரையோடு சேர்ந்து ஸில்பாவும் வந்தாள். இங்கிலாந்து ராஜா தேயிலைக்கு வரி போட்டிருந்த காலம். பார்ம்லி துரை சபைக்கூடத்துப் படியில் ஏறி நின்று, நம்மைக் கேட்காமல் வரி போடுகிறவன் எசமான், வாயை மூடிக்கொண்டு கட்டுகிறவன் அடிமை, ஐயோ, நாமெல்லாம் இன்று அடிமைகளாகக் கிடக்கிறோமே என்று பேசினார். பேசும்போதே அழுதுவிட்டார். கீழே நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் அவர் இரண்டு கையையும் பின்னால் நீட்டினார். பின்னால் நின்ற ஸில்பா மேலங்கியை மாட்டிவிட்டாள். அப்போது அவள் சின்னப் பெண். பாவம், எசமானுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்ததா என்று அவளும் அன்றைக்கு உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

பிறகு சண்டை வந்தது. ராஜாவை எதிர்த்துப் போக வேண்டியவர்கள் வரிசையில் பார்ம்லியின் மகன் பெயரும் வந்தது. மகனுக்கு உடனே இருமல் கண்டது. அவனுக்குப் பதிலாக டிட்டஸ் போனான். டிட்டஸ் அந்த வீட்டு லாயத்து ஆள், ஸில்பாவின் புருஷன். உயிரோடு திரும்பினால் விடுதலை என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். டிட்டஸ் முழங்காலில் ஒரு குண்டோடு திரும்பி வந்தான். துரை வாக்கைக் காப்பாற்றினார், காப்பாற்றியதை ஊரெல்லாம் சொல்லியும் காட்டினார். டிட்டஸ் ஆற்றங்கரையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு பரிசல் கயிறு இழுத்துப் பிழைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிந்ததும் ஸில்பா அங்கே போவாள், விளக்கு வைப்பதற்குள் துரை வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பெரியவர்கள் கூடி எழுதிய தாளை ஊர்ப் புல்வெளியில் வைத்துப் படித்த நாளும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டத்துக்கு ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் நின்ற வண்டிக்காரன் குவாக்கோவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாருமா?"

"விருந்துக்கு எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டா, சமையக்காரியையும் சேர்த்தா கூப்பிடறாங்க? நீ ஊத்து," என்றான் குவாக்கோ.

இந்தக் குவாக்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் பார்ம்லி துரையின் ஆள்தான். ஆனால் அவன் கவர்னர். வெள்ளைக்காரர்கள் வசந்தத்தில் தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, வெதர்பியின் கறுப்பு ஜனங்கள் ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடித் தங்களுக்கென்று ஒரு கவர்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். வெகு காலமாக நடக்கிற வழக்கம் அது. ஜெயித்தவன் எசமானின் குதிரையில் ஏறி, எசமானின் வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிடிலும் பறையும் முன்னால் முழங்க ஊர்வலம் வருவான். விருந்துச் செலவு எசமானுடையது. தன் ஆள் ஜெயித்தால் எசமானுக்குத் தலைகால் புரியாது. குவாக்கோ வருஷாவருஷம் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தகுதியில் பாதி பார்ம்லியின் குதிரை, மீதி பார்ம்லி கழித்துப்போட்ட நீலச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் என்பது ஸில்பாவின் அபிப்பிராயம். அந்தப் பொத்தான்களை அவன் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பான்.

கவர்னர் என்றால் ஊர்வலம் மட்டும் இல்லை. கோழி திருடியவன், குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், எசமானை எதிர்த்துப் பேசியவன், எல்லோரையும் கவர்னர்தான் விசாரிப்பார். வெள்ளைக்கார எசமான்களே பிராது சொல்லி அனுப்புவார்கள். தாங்கள் அடித்தால் ஆட்கள் முணுமுணுப்பார்கள், தங்கள் கவர்னர் தண்டித்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இதே எசமான்கள் பார்ம்லியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஸில்பா சுட்ட பன்றித் தொடையை வெட்டித் தின்றபடி, இந்த ஜனங்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது, நியாயம் அநியாயம் பார்க்கிற புத்தியைக் கடவுள் இவர்களுக்கு வைக்கவில்லை என்று பேசுவார்கள். ஒருநாள் அப்படிப் பேசி முடித்த ஒரு பெரிய மனிதர், அதே மூச்சில் பார்ம்லியிடம், என் லாயத்து ஆள் ரொம்ப முரண்டு பிடிக்கிறான், உங்கள் குவாக்கோ அழைத்து ஒரு நியாயம் சொன்னால் தேவலை என்றார். ஸில்பா குழம்புக் கரண்டியோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சண்டை முடிந்து, நாடு தனி நாடாகி, சில வருஷம் கழித்துப் பார்ம்லியின் மகள் லுக்ரீஷியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தெற்கே கரோலினாவில் நெல் வியாபாரி. சீதனமாகப் படுக்கை விரிப்புகள், வெள்ளித் தேநீர்க் கெண்டி, அப்புறம் ஸில்பா. லுக்ரீஷியா தங்கமான பெண். ஸில்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாமல் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதாள். டிட்டஸ் என்ன ஆவான் என்று ஸில்பா கேட்டாள்.

"அவன்தான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லையே. வேணும்னா அவனும் வரட்டுமே," என்றாள் அந்தத் தங்கமான பெண்.

காலை இழுத்து நடக்கிற ஒரு கறுப்பன், விடுதலைச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு நெல் வயல் நாட்டில் இறங்கினால், இரண்டாம் வாரம் அவனும் ஏதாவது ஒரு சந்தையில் நிற்பான். இது வெதர்பியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். லுக்ரீஷியாவுக்கு மட்டும் தெரியவில்லை. சொல்லும்போதே வயிறு எரிகிறது. அன்று முதல் ஸில்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் சட்டசபைத் தேர்தல் வந்தது. பார்ம்லி நின்றார், எதிர்த்துத் தோல் பதனிடுகிற ஏஸா பிட்வெல் நின்றார். சபைக்கூடத்தில் ஊர்க்கூட்டம். குளிர் இன்னும் விட்டுப் போகவில்லை என்பதால் துரையின் காலுக்குச் சூடாகத் தணல் போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கறுப்பர்கள் உட்காரும் மாடிப் பலகைக்கு ஸில்பா ஏறிப் போனாள். பிட்வெல் எழுந்து, சுதந்திரம் சுதந்திரம் என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிற பார்ம்லி துரையின் அடுப்பங்கரையில் எத்தனை அடிமைகள் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிட்வெல் ஒன்றும் புண்ணியவான் இல்லை. தன் வீட்டில் இருந்தவனை முந்தின வருஷமே நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர், அதனால் வாய் நீண்டது.

பார்ம்லி எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"என் கூரைக்குக் கீழே அடிமை என்று ஓர் உயிர் கிடையாது. இருப்பவர்கள் வேலைக்காரர்கள். அன்பினால் இருக்கிறார்கள். இருக்கப் பிடிக்காதவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். மாடியில் ஸில்பாவும் தட்டினாள். அவள் தட்டியது வேறு காரணத்துக்காக.

மறுநாள் காலையில் அவள் சோளக்கூழ் காய்ச்சித் துரைக்கு முன்னால் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயா, நேத்து நீங்க சொன்னதை மேல இருந்து கேட்டேன். கதவு திறந்திருக்குன்னீங்க. போயிட்டு வரேன்."

'வரேன்' என்றது மரியாதைக்கு. துரை முதலில் சிரித்தார். கூழ் ஆறுவதற்குள் அவள் படகுத்துறைக் குடிசையில் இருந்தாள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதைதான். காவல்காரனை அனுப்பி இழுத்து வரலாம். அதற்கு நீதிபதியிடம் போய், என் அடிமை ஓடிவிட்டாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் பிட்வெல் அதை ஊரெல்லாம் படித்துக் காட்டுவார். தேர்தலுக்கோ இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போலத் துரை இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. குவாக்கோ இருக்கிறானே. கறுப்பர்கள் சமாசாரம் கறுப்பர்களுக்குள்ளேயே முடிந்துவிடும், வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை, தாளும் வேண்டாம் மையும் வேண்டாம். அதிலும் குவாக்கோ தன் உப்பைத் தின்கிறவன். வேலையை விட்டுப் போன ஸில்பாவைக் கவர்னர் கண்டித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பிராது சொல்லிவிட்டு, அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஆற்றைக் கடந்து வடக்கே ஓடிவிடலாம் என்றான் டிட்டஸ். பரிசல் தன் கையில்தானே இருக்கிறது என்றான். ஸில்பா அசையவில்லை.

"ஓடினா நானே அந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்ட மாதிரிய்யா. அவரு சொல்லட்டும்."

அப்படிச் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் நடுக்கம்தான். குவாக்கோவை அவளுக்குத் தெரியும். பொத்தான் மங்கினால் பதறுகிறவன், தனக்கு நஷ்டம் வரும் காரியத்தில் இறங்கவே மாட்டான். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் கெண்டியோடும் விரிப்போடும் கப்பல் ஏற வேண்டியதுதான்.

விசாரணை பார்ம்லி வீட்டு ஆப்பிள் மதுக் கொட்டகையில் நடந்தது. கறுப்பு ஜனங்கள் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து வாசல் பக்கம் நின்றார்கள், பிட்வெல்லும் வந்து வேலியில் சாய்ந்துகொண்டார். குவாக்கோ நீலச் சட்டையோடு ஒரு கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தான். பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. ஸில்பாவைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான்.

துரை பிராதைச் சொன்னார். குவாக்கோ பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, மிகவும் பணிவாக, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினான்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பீப்பாய்க்கு அடிமைங்க மேல மட்டும்தான் அதிகாரம். வெள்ளைக்காரங்களையும் விடுதலை வாங்கினவங்களையும் கூலிக்காரங்களையும் நான் விசாரிக்கக் கூடாது, அது பெரிய நீதிபதி பாத்துக்குவாரு. இந்தக் கட்டுப்பாட்டை நீங்கதான் எங்களுக்கு வெச்சுக் கொடுத்தீங்க. அதனால முதல்ல இவ யாருன்னு ஐயா வாயால சொல்லிடுங்க."

"இவ யாருன்னு உனக்குத் தெரியாதா? ஒரே அடுப்புல சாப்பிட்டவன்தானே நீ," என்றார் துரை.

"எனக்குத் தெரியும் ஐயா. கவர்னருக்குத் தெரியாது."

வாசலில் யாரோ சிரித்தார்கள். துரை வேலிப் பக்கம் பார்த்தார். பிட்வெல் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பது போல நின்றிருந்தார்.

இவள் நம் வீட்டு ஆள் என்றார் துரை. வீட்டு ஆள் என்றால் மகளா என்று குவாக்கோ கேட்டான். இல்லை, வேலைக்காரி என்றார். அப்படியானால் எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று கேட்டான். ஆயுசு முழுக்க என்றார் துரை. அதற்கு இவள் சம்மதித்துக் கைநாட்டு வைத்தாளா என்று கேட்டான். என் தகப்பனார் காலத்திலிருந்து இருக்கிறாள், எங்களைச் சேர்ந்தவள் என்று துரை இழுத்தார். உங்கள் வீட்டுப் பெரிய கடிகாரம் கூடத்தான் உங்கள் தகப்பனார் காலத்திலிருந்து இருக்கிறது, அது என்னிடம் விசாரணைக்கு வருமா என்று குவாக்கோ வருத்தத்தோடு கேட்டான். ஸில்பா துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவைத் திட்டும்போது மடைதிறந்தாற்போல் வந்த சொல், அவர் தன்னைப் பற்றியே ஊரறிய அழுதுகொண்டு சொன்ன சொல், இப்போது பல்லுக்குப் பின்னால் வந்து வந்து திரும்பிப் போவது அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லிட்டீங்கன்னா ஒரு நொடியில தண்டனை போட்டு அனுப்பிடுவேன் ஐயா," என்றான் குவாக்கோ.

துரை மென்று விழுங்கினார். வேலைக்காரிதான் என்றார், குரல் வெளியே வராமல்.

"அப்ப இது என் வழக்கு இல்ல. வேலைக்காரி வேலையை விட்டுப் போயிட்டா, அவ்வளவுதான். கூட்டம் கலையலாம்," என்று குவாக்கோ பீப்பாயிலிருந்து இறங்கினான்.

இதிலே பாருங்கள், தேர்தலில் ஜெயித்தது பார்ம்லிதான். சொன்ன சொல் தவறாதவர், வேலைக்காரி போகிறேன் என்றதும் கதவைத் திறந்துவிட்டவர் என்று ஊர் கொண்டாடியது. அவரும் மெதுவாக அதை நம்ப ஆரம்பித்தார். ஹார்ட்ஃபோர்டில் சட்டசபை கூடியபோது, தன் வீட்டில் தளை என்பதே இல்லை என்று கண் கலங்கப் பேசிக் கைதட்டு வாங்கினாராம். லுக்ரீஷியா கெண்டியோடு மட்டும் கப்பல் ஏறினாள். எந்த நேரத்தில் துரை ஆள் அனுப்புவாரோ என்று குடிசைக் கதவுக்குத் தாழ் போட்டுக் கட்டை முட்டுக் கொடுத்திருந்த டிட்டஸ், ஹார்ட்ஃபோர்டுச் செய்தி வந்த அன்று அந்தக் கட்டையை எடுத்து அடுப்பில் வைத்தான். அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் வாங்கிய கைதட்டைத் துரை திருப்பிக் கொடுக்க மாட்டார் என்று ஸில்பாவும் புரிந்துகொண்டாள். அன்றுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

அவள் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனாள். உன்னைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தேன் என்று குவாக்கோவிடம் நேராகவே சொன்னாள். அவன் சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தான் யார் பக்கமும் பேசவில்லை, சட்டத்தைத்தான் கேட்டேன் என்றான். சொல்லிவிட்டு இளித்தான்.

"சரி கவர்னரே, நீ எப்போ ஏப்ரனைக் கழட்டப் போற?"

"என் வழக்கை யாரு விசாரிக்கிறது? கவர்னர் நானாச்சே," என்று அவன் சிரித்தான். பிறகு எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைத் திரும்பிப் பார்த்தான். ஸில்பா ரொட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

ஆற்றங்கரையில் கறுப்பு ஜனங்களின் தேர்தல் நாள் வந்தது. திராட்சையும் ஜாதிக்காயும் போட்டுப் புளிக்க வைத்துச் சுடுகிற தேர்தல் கேக்கை ஸில்பா தனக்கென்று முதல்முறையாகச் சுட்டு, பலகையில் பரப்பி விற்றாள். பார்ம்லி துரை ஹார்ட்ஃபோர்டிலிருந்து இரண்டு சட்டசபை நண்பர்களை அழைத்து வந்திருந்தார். என் குவாக்கோ எப்படிக் குதிரை ஏறி வருகிறான் பாருங்கள் என்று அவர்களை முன்னால் நிறுத்தினார். தன் வீட்டில் அன்பைத் தவிர வேறு கட்டு இல்லை என்பதை அவர்களுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்திருந்தார்.

கூட்டம் குவாக்கோவின் பெயரைக் கூப்பிட்டது. குவாக்கோ முன்னால் வந்து நீலச் சட்டையைக் கழற்றினான். தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பொத்தான்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சட்டையைத் துரையின் கையிலேயே கொடுத்தான். இந்த வருஷம் நான் நிற்கவில்லை, டிட்டஸை நிறுத்துங்கள் என்றான். ஜனங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸில்பாவுக்கு விளங்கிவிட்டது. அவள்தான் முதலில் டிட்டஸின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குதிரை இல்லாத, வாள் இல்லாத, ஒரு காலை இழுத்து நடக்கிற ஒருவன் வெதர்பியில் கவர்னரானது அதுதான் முதல் தடவை.

பிடில்காரன் வில்லை எடுப்பதற்குள் குவாக்கோ ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து கவிழ்த்துப் போட்டான். டிட்டஸ் அதில் உட்கார்ந்தான்.

"கவர்னரே, ஒரு பிராது. பார்ம்லி துரையோட வண்டிக்காரன் இன்னிக்குக் காலையில குதிரைக்குத் தண்ணி காட்டலை. இனிமேயும் காட்ட மாட்டானாம்," என்றான் குவாக்கோ.

"யாரு அந்த வண்டிக்காரன்?"

"நான்தான்."

டிட்டஸ் தொப்பியைக் கழற்றித் துரையின் பக்கம் திரும்பினான்.

"ஐயாவுக்குத் தெரியாதது இல்ல. இங்க அடிமைங்க வழக்கு மட்டும்தான் எடுப்போம். இவன் யாருங்க?"

ஹார்ட்ஃபோர்டு நண்பர்கள் இருவரும் ஆவலோடு துரையின் முகத்தைப் பார்த்தார்கள். நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துரை வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். ஸில்பா கேக்கில் நல்ல பெரிய துண்டாக ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள்.

"இதை வாயில போட்டுக்குங்க ஐயா. பேசியே ஆகணும்னு இல்ல."